ஆளைப் பார்த்தே சத்துக் கணக்குப் போடும் எடைக்குறைப்பு மையங்கள்: பணம் கட்டுமுன் படியுங்கள்

எடைக்குறைப்பு மையம் ஒன்றில் முழுத்தொகையையும் முன்கூட்டியே கட்டி ஏமாந்திருக்கிறேன். இதே பாணியில் வேறு இடங்களும் இருக்கலாம் என்பதால், பெயரை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் போனது எடைக்காக அல்ல. படியேறினால் மூச்சு வாங்கியது, முடி கொட்டியது, எந்நேரமும் அசதி. 'ஊட்டச்சத்து ஆலோசனை' என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். ஆலோசகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா சாப்பிடுற உடம்பு. சத்துக்குறைவெல்லாம் இருக்காது. சாப்பாட்டைக் குறைங்க, அசதி போயிடும்" என்றார். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனை பற்றிப் பேச்சே இல்லை. கூட வந்த என் தங்கை ஒல்லி. அவளிடம், "உங்களுக்கென்ன, எதை வேணும்னாலும் சாப்பிடலாம்" என்றார். அவளுக்குச் சர்க்கரை நோய்! சொன்னபோது சிரித்தார், நம்பவில்லை.

ஆதாரமாக நீட்டியது பிஎம்ஐ கணக்கை, அதாவது எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணை. 19ஆம் நூற்றாண்டில் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியப் புள்ளியியலாளர் மக்கள்தொகையின் சராசரியை ஆராயும்போது வகுத்த சூத்திரம் அது. கொழுப்பையும் தசையையுமே பிரித்துக் காட்டாத கணக்கு, ரத்தத்தில் என்ன குறைகிறது என்று எங்கே சொல்லப்போகிறது?

முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கியது. அதைக் காட்டியே அடுத்த பேக்கேஜைத் தலையில் கட்டினார்கள். மாவுச்சத்தைக் குறைத்ததும் உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைக் கையிருப்பு செலவாகும். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும், அதுவும் வெளியேறும். ஆக, அவர்கள் கைதட்டியதில் பெரும்பகுதி தண்ணீருக்குத்தான். அப்புறம் எடை நின்றதும், "வீட்டில் ஒளிச்சு சாப்பிடுறீங்க" என்று மற்றவர்கள் முன்னால் பழி. குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு தன் செலவையும் சுருக்கிக்கொள்ளும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாதா?

அசதி அதிகமாகவே மருத்துவரிடம் போனேன். ஃபெரிட்டின் மிகக் குறைவு, அதாவது இரும்புச்சத்தின் கையிருப்பே காலி. பருமனோடு வரும் லேசான அழற்சி ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டி, குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைக்கலாம் என்று அவர் விளக்கினார். மையத்தில் சொன்னதற்கு நேர் எதிர்.

எனவே, உங்கள் சாப்பாடு, மருந்துகள், பழைய பரிசோதனைகள் பற்றி எதுவும் கேட்காமல் பேக்கேஜ் விலைக்குத் தாவினால் எழுந்து வந்துவிடுங்கள். அசதிக்குக் காரணம் தேடுகிறவர்கள் முதலில் மருத்துவரிடம் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'கட்டிய தொகை திருப்பித் தரப்படாது' என்ற வரி எனக்கு அங்கேதான் கிடைத்தது. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.