கதையெல்லாம் இருக்கு, வருஷம் எங்கே?

மின்புத்தகம் படிக்கிற ஈ-ரீடருக்குப் பேட்டரி மாற்றியாகிவிட்டது. புதுசு வாங்கச் சொல்லி வீட்டில் ஆளாளுக்கு அறிவுரை. காந்திபுரத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற தம்பி ஒருவர், "ஏனுங்க்கா, இதைப் பிரிச்சா ஸ்கிரீன் போனாலும் போகும், பரவாயில்லையா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கையை வைத்தார். கண்ணாடி ஓரத்தில் பசை போட்டு ஒட்டியிருப்பதை மெல்லிய பிளாஸ்டிக் சில்லு ஒன்றால் நெம்பி நெம்பி எடுத்தார். இடது மூலையில் ஒரு பொடி உடைசல் விழுந்தது. மற்றபடி உயிரோடு திரும்பி வந்தது. இப்போது பழையபடி வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கிறது.

சரியாக அந்த நேரம் பார்த்து ஹாஸ்டல் காலத்துத் தோழி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "ஏண்டி, நீ வருஷக்கணக்கா வச்சிருக்கியே, தமிழ் நாவல் படிக்க லாயக்கா? மாசச் சந்தாவும் கட்டணுமா?" இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தது இப்படி நீண்டுவிட்டது. எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. என் புகார் கருவி மேலே கொஞ்சம்தான், அதற்குள் வருகிற புத்தகங்கள் மேலேதான் அதிகம். அது எல்லாக் கடையிலும் ஒரே லட்சணம்தான்.

கருவியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கண் உறுத்தாது. ராத்திரி விளக்கணைத்துப் படுத்துக்கொண்டு படிக்கலாம், பக்கத்தில் தூங்குகிறவர் திட்ட மாட்டார். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம். இவ்வளவு போதும்.

சந்தோஷமான விஷயம் வேறு. நான் தமிழில் கதை படித்து வளர்ந்தவள்தான். ஆனால் எங்கள் வீட்டுக்கு என்ன பத்திரிகை வந்ததோ, பக்கத்து வீட்டு அக்கா எதைப் படித்துவிட்டுத் தந்தாரோ, அதுதான் எனக்குத் தெரிந்த உலகம். ராஜேஷ்குமார் எங்கள் ஊர்க்காரர், அவர் தெரியும். ரமணிசந்திரன் தெரியும். சுஜாதா தெரியும். கல்கி தெரியாதவர் யார்? அதற்கு அப்பால் ஒரு பெரிய காடு இருக்கிறது என்பதே இந்தக் கருவி வந்த பிறகுதான் உறைத்தது. சந்தா கட்டியிருப்பதால் பிடிக்காவிட்டால் பத்தாம் பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்தத் தைரியத்தில்தான் முன்பின் தெரியாத பெயர்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன்.

வடுவூர் துரைசாமி ஐயங்காரை அப்படித்தான் பிடித்தேன். 1942-ல் காலமானவர். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அவர் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 'கும்பகோணம் வக்கீல்' கதையில் துப்பறிவது திகம்பர சாமியார் என்ற சாமியார்! போலீஸ்காரரோ வக்கீலோ இல்லை, சாமியார். 1950-ல் இதே கதையை மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக எடுத்தது, எம்.என். நம்பியார் விதவிதமான வேஷத்தில் கதாநாயகன். ஒரு வாக்கியம் ஒரு பக்கத்துக்கு ஓடும், நடுவில் உபதேசம் வரும், கதையை நிறுத்திவிட்டு ஆசிரியரே நம்மிடம் பேசுவார். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு அந்த நடைக்கு மூச்சு பழகிவிட்டது. அங்கிருந்து பின்னால் போனால் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்'. அதில் துப்பறிகிறவர் கோவிந்தன். அப்படியே வந்தால் வை.மு. கோதைநாயகி அம்மாள். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல் எழுதி, 'ஜகன்மோகினி' என்று சொந்தமாகப் பத்திரிகையும் நடத்திய பெண்மணி. இவரைப் பற்றி எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆனால் நான் எழுந்து உட்கார்ந்த இடம் புஷ்பா தங்கதுரை. 'ஊதாப்பூ கண் சிமிட்டுகிறது', 'லீனா மீனா ரீனா' என்று அட்டையைப் பார்த்தாலே பெரியவர்கள் ஒளித்து வைக்கிற வகை. சின்ன வயதில் தொட விட்டதில்லை. இப்போது கேட்க ஆளில்லையே என்று நாலைந்தை அடுத்தடுத்துப் படித்தேன். வேகமான கை. அசிங்கம் என்று நான் கேள்விப்பட்ட இடங்களில் அசிங்கத்தைவிடச் சோகம்தான் அதிகம் இருந்தது. சில மாதம் கழித்து ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் சொல்லி 'திருவரங்கன் உலா' எடுத்தேன். 14-ஆம் நூற்றாண்டில் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தபோது, அரங்கன் உற்சவ மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடியவர்களின் கதை. எழுதியவர் ஸ்ரீவேணுகோபாலன். படிக்கப் படிக்கத் தொண்டை அடைத்தது. முடித்துவிட்டு ஆசிரியர் யார் என்று தேடினால், ஸ்ரீவேணுகோபாலனும் புஷ்பா தங்கதுரையும் ஒரே ஆள்!

பக்தியோடு கோயில் கதையும், அட்டைக்கு நியூஸ்பேப்பர் போட்டுப் படிக்கிற கதையும் ஒரே பேனாவிலிருந்து. மறுபடி போய் அந்த ஊதாப்பூவைப் புரட்டினேன். அத்தியாயத்தை அறுக்கிற இடம் அச்சு அசல் அதேதான். கடத்தப்பட்ட பெண்ணை எங்கே விட்டுவிட்டு அத்தியாயத்தை முடிப்பாரோ, அங்கேயேதான் பெருமாளையும் விட்டுவிட்டு முடிக்கிறார். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லி மாளாது. அந்தக் கருவிக்கோ இவர் இரண்டு தனித்தனி மனிதர். ஒருவரைப் படித்தால் இன்னொருவரை ஒருநாளும் காட்டாது. ஊதாப்பூ படித்தவளுக்கு ஒரு மாதம் பூராவும் குடும்ப நாவல்களாகவே சிபாரிசு செய்து தள்ளியது.

சரி, இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

எந்தப் புத்தகத்திலும் அது முதலில் எப்போது வந்தது என்று போடுவதில்லை. உள்ளே போனால் 'முதல் மின்பதிப்பு: 2019' என்று இருக்கும். அதற்குக் கீழே எச்சரிக்கை, முகவரி, அனுமதியின்றிப் பிரதி எடுக்கக் கூடாது, எல்லாம் இருக்கும். கதை எந்தப் பத்திரிகையில் தொடராக வந்தது, மாத நாவலாக வந்ததா, எந்த வருஷம் என்பதெல்லாம் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதிப் போட்டது மாதிரி வரிசையாக நிற்கின்றன.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். துப்பறியும் கதைக்கு வருஷம்தான் பாதி உயிர். வெளியூருக்கு ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்கிற காலத்தில் ஒரு பெண் காணாமல் போவதும், எஸ்.டி.டி. பூத் மஞ்சள் போர்டு போட்ட காலத்தில் காணாமல் போவதும், செல்போன் வந்த பிறகு காணாமல் போவதும் ஒன்றா? சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' 1981-ல் குமுதத்தில் வந்தது என்று தெரிந்து படித்தால் அதில் வருகிற விஞ்ஞான விளக்கத்தைப் பார்த்து ஆடிப்போவோம். தெரியாமல் படிக்கிற காலேஜ் பையன் 'இதுதானா' என்று மூடிவிடுவான். சுஜாதா பாடாவது பரவாயில்லை. பல புத்தகங்களில் அவரே முன்னுரை எழுதி, எதில் வந்தது, யார் திட்டினார்கள் என்று சொல்லியிருப்பார். அந்த முன்னுரையையும் தூக்கிவிட்ட பதிப்பு கையில் மாட்டினால் அம்போ. அவருடைய வக்கீல் கணேஷ் தனி ஆளாக வரும் 'நைலான் கயிறு' முந்தையது, ஜூனியர் வசந்த் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவன். இது தெரியாமல் முன்பின் மாற்றிப் படிக்கிறவர்கள், வசந்த் எங்கே லீவில் போய்விட்டானா என்று யோசிக்க வேண்டியதுதான்.

ராஜேஷ்குமார் கதை இன்னும் மோசம். 1500-க்கு மேல் நாவல் எழுதியவர். அவருடைய விவேக்-ரூபலா ஜோடி எத்தனையோ கதையில் வருகிறார்கள். எது எப்போது எழுதியது என்று தெரியாமல் அந்தக் கடலில் எங்கே இறங்குவது? பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி என்று துப்பறியும் ஜோடிகள் எல்லோருக்கும் இதே கதிதான். சுபா என்று பெயரைப் போட்டுத் தேடினால் ஊரிலுள்ள சுபாக்கள் அத்தனை பேரும் வருவார்கள், சுரேஷும் பாலகிருஷ்ணனும் சேர்ந்து எழுதுகிற சுபாவைத் தவிர.

கடுப்பில் நானே துப்பறிய ஆரம்பித்துவிட்டேன். பணம்தான் சரியான சாட்சி. கடத்தல்காரன் கேட்கிற தொகையை விடுங்கள், எந்த நோட்டில் கேட்கிறான் என்று பாருங்கள். சூட்கேஸ் நிறைய நூறு ரூபாய்க் கட்டு மட்டும் என்றால் பெரும்பாலும் 1987-க்கு முன்பு. அந்த வருஷம்தான் ஐந்நூறு ரூபாய் நோட்டு வந்தது. ஆயிரம் ரூபாய் நோட்டு என்றால் 1978-க்கு முன்பு, இல்லையென்றால் 2000-க்குப் பிறகு. நடுவில் அந்த நோட்டே கிடையாது. 2016 நவம்பருக்குப் பிறகு மறுபடியும் கிடையாது. கோயமுத்தூர்க் கதை என்றால் பஸ்ஸைப் பார்ப்பேன். வில்லன் 'சேரன்' பஸ்ஸில் ஏறித் தப்பித்தால் 1997-க்கு முந்தைய கதை. அந்த வருஷம் அரசு பஸ் கழகங்களுக்கு இருந்த அந்த மாதிரிப் பெயரையெல்லாம் அழித்துவிட்டு எல்லாவற்றையும் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆக்கினார்கள். ஈரோட்டைப் 'பெரியார் மாவட்டம்' என்று எழுதியிருந்தால் 1979-க்குப் பிறகு. ஊர்ப் பெயர் மாறியதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் மெட்ராஸ் கைகொடுக்காது. தமிழில் அது எப்போதுமே சென்னைதான்.

இதில் ஒரு சுகம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கொலைகாரன் யார் என்பதைவிட வருஷம் என்ன என்பது சில கதையில் சுவாரசியமாகிவிட்டது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' மட்டும் இந்த விளையாட்டுக்கு வெளியே. அதில் கதை நடக்கிற எதிர்காலத்தையே நாம் தாண்டி வந்துவிட்டோம். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்ட நாடு, நிலா, சிபி, பேசுகிற நாய் ஜீனோ. எண்பதுகளில் விகடனில் வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவாவது வருஷம் வேண்டாமா?

ஆனால் காசு கொடுத்துப் படிக்கிறவள் ஏன் இந்த வேலையெல்லாம் செய்ய வேண்டும்? ஒரு வரி போடுவதற்கு என்ன கேடு? பழைய மாத நாவலின் உள் அட்டையில் மாதமும் வருஷமும் விலையும் அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துத்தானே டைப் அடிக்கிறீர்கள்?

டைப் அடிக்கிற லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் செய்து மென்பொருளில் போட்டு எழுத்தாக மாற்றியிருப்பார்கள் போல, துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. போன வாரம் ஒரு நாவலில் மாலா என்ற கதாநாயகி மூன்றாம் அத்தியாயத்தில் 'மரலர' ஆனாள், கடைசி வரை அப்படியே இருந்தாள். 'கதவைத் திறந்தரன்', 'துப்பரக்கியை நீட்டினரன்'. திகிலான இடத்தில் பக்கென்று சிரிப்பு வந்தால் அந்தக் கொலை என்ன ஆவது? வெளியிட்ட பதிப்பகத்துக்கு மெயில் போட்டேன். தவறுகளைப் பட்டியலிட்டு அனுப்பினால் திருத்துவதாகப் பதில் வந்தது. பட்டியல் நான் போட வேண்டுமாம். சம்பளம் யார் தருவார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

படங்களும் போய்விட்டன. பொன்னியின் செல்வனுக்கு மணியம், கடல் புறாவுக்கு லதா, கணேஷ்-வசந்துக்கு ஜெயராஜ் என்று முகம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். வெறும் எழுத்தில் எல்லோரும் முகமில்லாமல் அலைகிறார்கள். இதற்கு உரிமைச் சிக்கல் இருக்கலாம், மன்னித்துவிடுகிறேன். வருஷத்தைப் போடாததற்கு என்ன சிக்கல்?

ஆக, தோழிக்குப் பதில். நான் இத்தனை வருஷத்தில் படித்த எழுத்தாளர்களில் பாதிப் பேரை இந்தக் கருவி இல்லாமல் சந்தித்தே இருக்க மாட்டேன். பேயும் ஜமீனும் கலந்து இந்திரா சௌந்தர்ராஜன் எழுதியதை நடு ராத்திரியில் இதில் படித்துவிட்டு பாத்ரூம் போகப் பயந்திருக்கிறேன். லாரி புக்கிங் ஆபீஸைப் பற்றி 'இரும்பு குதிரைகள்' எழுதிய பாலகுமாரன்தான் ராஜராஜனைப் பற்றி 'உடையார்' எழுதினார் என்பதை இரண்டையும் ஒட்டி ஒட்டிப் படித்து வியந்ததும் இதில்தான். எல்லாம் உண்மை.

இருந்தாலும் வாங்காதே. அதே காசுக்கு உக்கடம் பழைய புத்தகக் கடைக்கு வா, ஒரு மூட்டை மாத நாவல் அள்ளித் தருகிறேன். தூசியில் தும்மல் வரும், யாரோ கடைசிப் பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதியிருப்பார்கள், சிலதில் கடைசிப் பக்கமே இருக்காது. ஆனால் உள் அட்டையில் மாதம், வருஷம், விலை மூன்றும் இருக்கும். மாலாவும் மாலாவாகவே இருப்பாள்.

என் சந்தாவை நிறுத்திவிட்டாயா என்று கேட்காதே. 'திருவரங்கன் உலா'வின் தொடர்ச்சி 'மதுரா விஜயம்' பாதியில் நிற்கிறது. அது முடியட்டும். ஐந்துக்கு இரண்டு ஸ்டார்.