பழைய இயந்திரம், புதிய கிளவுட்: எங்கே கைவைப்பது?

இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரஸரையோ ஹைட்ராலிக் பிரஸ்ஸையோ கிளவுடில் இணைக்கப் போகிறோம் என்றதும், முதல் கூட்டத்தில் எழும் முதல் கேள்வி அமேசானா மைக்ரோசாஃப்டா என்பதாகத்தான் இருக்கிறது. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. சாதனங்கள் செய்தி அனுப்பும் பொது மொழியான எம்.க்யூ.டி.டி.யில் தரவு வெளியே வந்துவிட்டால், அது போய்ச் சேரும் இடத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இயந்திரத்தில் எந்த இடத்தில் கைவைத்தோம் என்பதை அவ்வளவு லேசில் மாற்ற முடியாது. அங்கே கேபிள் இழுத்தாகியிருக்கும், பேனலில் துளை போட்டாகியிருக்கும், சில நேரம் புரோகிராமே மாறியிருக்கும்.

கைவைக்க மூன்று இடங்கள் உண்டு: இயந்திரத்தை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி.க்குள்ளேயே, பி.எல்.சி.க்கும் கிளவுடுக்கும் நடுவே கேட்வே என்ற மொழிபெயர்ப்புப் பெட்டியில், பி.எல்.சி.யைத் தொடாமல் இயந்திரத்தின் உடம்பில் தனிச் சென்சார் ஒட்டி. என் ஓட்டு பெரும்பாலும் கேட்வேக்குத்தான். ஆனால் மற்ற இரண்டும் ஜெயிக்கிற இடங்கள் உண்டு. கேட்வே விற்க வருபவர் அதைச் சொல்ல மாட்டார்.

பி.எல்.சி.யே நேரடியாகப் பேசினால்

சீமென்ஸ் எஸ்7-1200, எஸ்7-1500 போன்ற இன்றைய பி.எல்.சி.களை (கன்ட்ரோலர்களை) எம்.க்யூ.டி.டி. கிளையன்ட்டாகவே ஓட்டலாம். வெவ்வேறு நிறுவனக் கருவிகள் தரவு பரிமாற உதவும் ஓ.பி.சி. யு.ஏ. சர்வரும் உள்ளேயே இருக்கிறது, அதற்கு உரிமம் தனியாக வாங்க வேண்டும். நடுவில் பெட்டி கிடையாது, பழுதாகக்கூடிய பொருள் ஒன்று குறைவு. வரைபடத்தில் இதைவிட அழகான வழி இல்லை.

தலைவலி டிஜிட்டல் சான்றிதழில் தொடங்குகிறது. கிளவுடோடு பேச டி.எல்.எஸ். என்ற மறையாக்கம் வேண்டும், டி.எல்.எஸ்.ஸுக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழ் காலாவதியாகும். ஐ.டி. துறைக்கு அதைப் புதுப்பிப்பது அன்றாட வேலை. உற்பத்தியில் இருக்கும் பி.எல்.சி.யைத் தொடவோ அடுத்த ஷட்டவுன் வரை காத்திருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் மணிக்கணக்கில் தரவைச் சேர்த்துவைக்க அதற்குள் இடமும் குறைவு. இயந்திரத்தை ஓட்டுகிற புரோகிராமிலேயே தரவு அனுப்பும் வேலையையும் ஏற்றுகிறோம் என்பது தனிச் சங்கடம். புரோகிராம் ஒரு சுற்று ஓடி முடிக்கும் ஸ்கேன் நேரம் கூடும். பாதுகாப்புச் சோதனை முடித்துக் கையெழுத்தான புரோகிராம் என்றால் அந்தச் சோதனைகளை மறுபடி நடத்தச் சொல்வார்கள்.

எம்.பி.ஐ. என்ற சீமென்ஸின் பழைய போர்ட் மட்டும் வைத்திருக்கும் எஸ்7-300 மாதிரியான நிஜமான பழசுக்கு இந்தப் பேச்சே எழாது. எப்படியும் பேனலை முழுக்க மாற்றப் போகிறீர்கள் என்றால் இந்த வழியைத் தாராளமாக எடுக்கலாம். மற்றபடி கிளவுடுக்காக மட்டும் கன்ட்ரோலரை மாற்றச் சொல்பவரிடம், மாற்றும் நாட்களில் உற்பத்தி நிற்பதன் கணக்கைக் கேளுங்கள்.

நடுவில் ஒரு கேட்வே

கேட்வே ஒரு பக்கம் மாட்பஸ், எஸ்7 போன்ற பழைய பாஷைகளில் கேட்கும், மறுபக்கம் எம்.க்யூ.டி.டி.யில் சொல்லும். பி.எல்.சி. புரோகிராம் அப்படியே இருக்கும். சான்றிதழ் பெட்டியில் இருப்பதால், இயந்திரம் ஓடும்போதே மாற்றலாம். லைன் போனால் உள்ளே சேர்த்துவைத்து, வந்ததும் அனுப்பும். அப்படிச் சேர்த்து அனுப்புகிற பெட்டியாக இருந்தால், நேரமுத்திரையைப் பெட்டியே போடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளவுடில் வந்துசேர்ந்த நேரத்தைப் பதிந்தால், இரவெல்லாம் தேங்கிய தரவு காலையில் ஒரே நிமிடத்தில் நடந்ததாகக் காட்டும்.

வயரை மாட்டினால் போதும் என்று விளம்பரங்கள் சொல்லும். பல கருவிகள் ஒரே கம்பியைப் பகிரும் ஆர்.எஸ்-485 லைனில் பல நேரம் அது நடக்காது. மாட்பஸ் 1979இல் மோடிகான் நிறுவனம் உருவாக்கியது. இந்த லைன்களில் ஓடும் அதன் ஆர்.டி.யு. வடிவத்தில், கேள்வி கேட்கிற மாஸ்டர் ஒரு லைனுக்கு ஒன்றுதான், மற்றவையெல்லாம் கேட்டால் மட்டும் பதில் சொல்லும். இயந்திரத்தின் இயக்கத் திரையான எச்.எம்.ஐ. ஏற்கெனவே மாஸ்டராக இருக்கும் லைனில் கேட்வேயையும் மாஸ்டராக மாட்டினால், ஒரே வகுப்பில் இரண்டு வாத்தியார்கள் ஒரே நேரத்தில் கேள்வி கேட்ட கதைதான். இரண்டு பேருக்கும் பதில் கிடைக்காது. இதுவரை ஒழுங்காக ஓடிய திரையிலும் பிழை வரும். தீர்வு மூன்று. கன்ட்ரோலரில் இரண்டாவது போர்ட் இருந்தால் அதைப் பிடிக்கலாம். கேட்வேயை நடுவில் வைத்து எச்.எம்.ஐ.யின் கேள்விகளும் அதன் வழியே போகுமாறு செய்யலாம். அப்போது கேட்வே செத்தால் திரையும் செத்துவிடும். அல்லது கேட்வே வாயைத் திறக்காமல், லைனில் போகிற பேச்சை ஒட்டுக்கேட்கலாம். ஒட்டுக்கேட்பது எனக்குப் பிடித்த வழி. எச்.எம்.ஐ. கேட்காத மதிப்பு நமக்கும் கிடைக்காது என்பது அதன் எல்லை.

அடுத்தது வேகம். 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) லைனில் ஒரு மீட்டர் கருவியிடம் 10 ரெஜிஸ்டர் (மதிப்பு வைக்கும் நினைவக இடம்) கேட்டால், கேள்வி 8 பைட், பதில் 25 பைட். பைட்டுக்கு 11 பிட் வீதம் 363 பிட். கம்பியில் மட்டும் 38 மில்லி விநாடி. மீட்டர் யோசித்துப் பதில் சொல்லும் நேரத்தையும் இடைவெளியையும் சேர்த்தால் 100ஐ நெருங்கிவிடலாம். ஒரே லைனில் 20 மீட்டர் கருவிகள் என்றால் ஒரு சுற்று முடிய 2 விநாடி. விநாடிக்கு ஒரு முறை தரவு என்று ஒப்பந்தத்தில் எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

நிஜமான உழைப்பு ரெஜிஸ்டர் பட்டியலில் இருக்கிறது. ஒரு கையேட்டில் 40001 என்று எழுதியிருப்பது லைனில் 0 ஆகப் போகும்; ஒன்று தள்ளிப் படித்தால் அழுத்தம் இருக்க வேண்டிய இடத்தில் வெப்பநிலை வரும். 653 என்று வருவது 65.3 டிகிரியாக இருக்கலாம். 32 பிட் தசம எண் இரண்டு ரெஜிஸ்டரில் பரவியிருக்கும், எந்தப் பாதி முதலில் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். 100.0 என்ற மதிப்பின் இரண்டு பாதியும் இடம் மாறினால் திரையில் 0.00 என்று தெரியும். யாரும் பதற மாட்டார்கள், இயந்திரம் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். எந்த கிளவுடும் இதைச் சரிசெய்து தராது. பேனல் எதிரே ஒருவர் நின்று அங்கே தெரியும் எண்ணை வாசிக்க, இன்னொருவர் திரையில் ஒப்பிட்டு ஒவ்வொரு டேகாக (பெயரிட்ட மதிப்பாக) முடிக்க வேண்டும். அந்தப் பட்டியல் கேட்வே பொருத்தியவரின் மடிக்கணினியில் மட்டும் இருந்துவிடக் கூடாது.

பெட்டிக்குப் பதிலாக விண்டோஸ் கணினியில் மென்பொருள் போடுபவர்களும் உண்டு. ஏற்கெனவே ஸ்காடா என்ற ஆலைக் கண்காணிப்பு மென்பொருள் இருந்தால் அது சுலபம். ஆனால் 1996இல் வந்த ஓ.பி.சி.யின் பழைய வடிவமான டி.ஏ., புரோகிராம்கள் வலையமைப்பில் பேசிக்கொள்ள விண்டோஸ் தரும் டிகாம் மேல் நிற்பது. மைக்ரோசாஃப்ட் 2023 மார்ச் புதுப்பிப்பில் டிகாம் பாதுகாப்பை இறுக்கி, அதை அணைக்கும் வழியையும் எடுத்துவிட்டது. இன்றைக்குப் புதிதாகத் தொடங்குபவர் டி.ஏ. பக்கம் போகக் காரணமே இல்லை. திரையில் கட்டங்களைக் கோடுகளால் இணைக்கும் மென்பொருளான நோட்-ரெட்டில் ஒரே மதியத்தில் எல்லாவற்றையும் இழுத்து இணைத்துவிடலாம். முன்னோட்டத்துக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. இணைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகு அந்த வலையைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு விஷயம்.

தொடாமல் தெரிந்துகொள்வது

பி.எல்.சி.யே இல்லாத ரிலே இயந்திரம், வாரன்டியில் இருப்பதால் பேனலைத் திறக்கக் கூடாத இயந்திரம், கடவுச்சொல் யாருக்கும் தெரியாத இயந்திரம் ஆகியவற்றுக்கு வெளிச் சென்சார்தான். மோட்டார் கேபிளைச் சுற்றி மின்னோட்டம் அளக்கும் ஒரு சி.டி. கிளாம்ப், பேரிங் மேல் அதிர்வுச் சென்சார், டவர் லைட்டின் மேல் ஒளிச் சென்சார். ஒரு நாளில் பத்து இயந்திரங்களில் ஒட்டிவிடலாம்.

கிடைப்பது ஓடுகிறதா, நிற்கிறதா, எவ்வளவு இழுக்கிறது என்பது மட்டும். ஏன் நின்றது என்பது அலாரம் எண்ணில் இருக்கிறது, அலாரம் எண் பி.எல்.சி.க்குள் இருக்கிறது. மேலாளர் கேட்பது இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று மட்டும்தானென்றால் இந்த வழியோடு நிறுத்திக்கொள்ளலாம். கேட்வேக்குச் செலவழிப்பது வீண். பேட்டரியில் ஓடி, ரேடியோவில் சிறு செய்திகளைத் தொலைதூரம் அனுப்பும் லோராவான் சென்சார்களிடம் அதிகம் எதிர்பார்க்கவும் வேண்டாம். ஒரு முறைக்கு அதிகபட்சம் இருநூற்றுச் சொச்சம் பைட்தான் போகும், அதிர்வின் முழு அலைவடிவம் அதில் அடங்காது.

ஏற்கெனவே இருக்கும், சென்சார் தன் அளவை மின்னோட்டமாக அனுப்பும் 4–20 மில்லி ஆம்பியர் லூப்பைப் பிடிக்கலாமே என்ற யோசனை நல்லதுதான். பூஜ்ய அளவுக்கே 4 மில்லி ஆம்பியர் ஓடுவதால், 0 வந்தால் கம்பி அறுந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் அதை அளக்கத் தொடராக 250 ஓம் மின்தடை சேர்த்தால் முழு அளவில் 5 வோல்ட் அங்கேயே போய்விடும். நீளமான கேபிளோடு 24 வோல்ட்டில் தட்டுத்தடுமாறி ஓடும் லூப்பில் அது அளவை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரைப் பட்டினி போடும். மின்தொடர்பைத் துண்டித்துச் சிக்னலை மட்டும் கடத்தும் ஐசொலேட்டர் வைத்துப் பிரியுங்கள்.

இப்போது கிளவுட்

பெரிய தளங்களுக்குள் வசதி வித்தியாசத்தைவிட, பில் எண்ணும் முறைதான் முதலில் தட்டுப்படும். அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். ஐ.ஓ.டி. கோர் செய்தியை 5 கே.பி. அளவுகளாக எண்ணுகிறது. மைக்ரோசாஃப்டின் அஸூர் ஐ.ஓ.டி. ஹப் கட்டணத் திட்டங்களில் 4 கே.பி. அளவுகளாக எண்ணுகிறது. 200 டேகை விநாடிக்கொரு முறை தனித்தனியாக அனுப்பினால் நாளுக்கு 1,72,80,000 செய்தி. ஒரு மதிப்புக்கு 20 பைட் என்று வைத்து 200ஐயும் ஒரே செய்தியில் கட்டினால் 4,000 பைட். இரண்டு தளங்களிலும் ஒரே அளவுக்குள் அடங்கி, நாளுக்கு 86,400 ஆகிறது. தரவு அதேதான், எண்ணிக்கை இருநூறில் ஒரு பங்கு. மதிப்பு மாறினால் மட்டும் அனுப்பு என்று கேட்வேயிடம் சொன்னால் இன்னும் இறங்கும்.

இயந்திரத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்துக்கு ஒரு பலம் உண்டு. அலாரம் எண்ணுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஆலையில் ஐந்து தயாரிப்பாளர்களின் இயந்திரம் இருந்தால் ஐந்து திரை ஆகும். கச்சாத் தரவை, வேறு மென்பொருள் கேட்டு வாங்கும் ஏ.பி.ஐ. வழியே எடுக்க முடியுமா என்பதை வாங்கும்போதே எழுத்தில் வாங்குங்கள். செய்திகளை வாங்கிப் பிரித்தனுப்பும் எம்.க்யூ.டி.டி. புரோக்கர் ஒன்றைச் சொந்தமாக ஓட்டுவது, அதைக் கவனிக்க ஆள் இருக்கும் இடத்தில் மலிவு. ஆள் இல்லாத இடத்தில் விலை உயர்ந்தது.

பெரிய நிறுவனம் என்பதால் சேவை நிலைக்கும் என்பதும் இல்லை. கூகுள் தன் ஐ.ஓ.டி. கோர் சேவையை 2023 ஆகஸ்ட் 16 அன்று மூடியது. அப்படிப்பட்ட நாளில் கேட்வே வைத்திருப்பவர் கேட்வேயில் மட்டும் மாற்றுகிறார், பி.எல்.சி.களில் எழுதிவைத்தவர் ஒவ்வொரு பி.எல்.சி.யாகப் போகிறார்.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இணைப்பை உள்ளிருந்து வெளியே, 8883 அல்லது 443 போர்ட்டில் கேட்வே தொடங்க வேண்டும். நெட்வொர்க்கில் ஓடும் மாட்பஸ் டி.சி.பி.யின் 502 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே கூடாது, அந்தப் புரோட்டோகாலில் கடவுச்சொல் என்ற எண்ணமே கிடையாது. கிளவுடிலிருந்து செட்பாயின்ட்டை (இயந்திரத்துக்குக் கொடுத்த இலக்கு மதிப்பை) மாற்றும் வசதியைச் செயல்விளக்கத்தில் பெருமையாகக் காட்டுவார்கள். தொடக்கத்தில் அது வேண்டாம், படிப்பது மட்டும் போதும். கேட்வே வாங்கும்போது மாட்பஸில் மதிப்பை எழுதும் கட்டளை எண்களை (ஃபங்ஷன் கோடுகள் 5, 6, 15, 16 போன்றவற்றை) அடைக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு பெட்டியைப் பாருங்கள்.