புதுக்கோட்டை சைக்கிள் சுற்றுலா: டெபாசிட் கட்டுவதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள்

வாடகை சைக்கிள் கைக்கு வந்ததும் நாலு பக்கமும் சுற்றி வந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்வோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் போட்டோவில் அடையாளம் என்று ஒட்டு ஸ்டிக்கரில் இருக்கும் நம்பர் மட்டும் தெரிந்தால், அதே போட்டோவைக் காட்டியே உங்கள் டெபாசிட்டை முழுங்கிவிடுவார்கள். போன மாதம் எங்கள் குழுவில் அதுதான் நடந்தது. புகார் கொடுத்திருப்பதால் நடத்துகிறவர்களின் பெயரை இங்கே போடவில்லை. செய்த விதத்தைச் சொல்கிறேன், அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தது. சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் கோட்டை, நடுவில் ‘அடர்ந்த காட்டுப் பாதை’, இரவு கிராமத்து வீட்டில் தங்கல், கியர் சைக்கிள், ஹெல்மெட், பின்னாலேயே வரும் வேன், நுழைவுச் சீட்டெல்லாம் சேர்த்து தலைக்கு 6,500 ரூபாய். டெபாசிட் தனியாக 3,000. இரண்டையும் முன்கூட்டியே ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள். பணம் போனது ஒரு தனி ஆளின் பெயரில் இருந்த கணக்குக்கு. ரசீது கேட்டால் “நேர்ல தர்றோம் சார்” என்றார்கள். அந்த ‘நேர்’ கடைசிவரை வரவே இல்லை.

ஊரின் மேல் எந்தக் குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் சுற்ற புதுக்கோட்டை மாவட்டம் மாதிரி வசதியான இடம் குறைவு. பெரிய ஏற்றம் கிடையாது, கிராமச் சாலைகளில் வண்டி நடமாட்டம் கம்மி, வழியெல்லாம் செம்மண்ணும் கண்மாயும் மொட்டைப் பாறைக் குன்றுகளும். கோபமெல்லாம் அதை விற்றுக் காசு பார்க்கிறவர்கள் மேல்தான்.

சைக்கிள்கள் வரிசையாக நின்றன. கியர் இருந்தது, ஆனால் பாதி விழாது. என்னுடையதில் முன் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மில் உரசிக்கொண்டிருந்தது. பின் சக்கரத்தில் நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிற கோட்டம். ஹெல்மெட்டுக்குள் தெர்மாகோல் பிளந்திருந்தது. வேன் எங்கே என்று கேட்டால் “பின்னாடி வருது” என்றார் நடத்துகிறவர். வழிகாட்டியாக வந்தது ஒரு கல்லூரிப் பையன். அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாளுக்கு 400 ரூபாய் என்று பேசிக் கூட்டிவந்து, அதையும் அவனுக்குப் பாக்கி வைத்திருந்தார்கள்.

சித்தன்னவாசலில் முதல் வேலையாக, நுழைவுச் சீட்டு 25 ரூபாயை அவரவரே கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். சரி, சின்னத் தொகை என்று விட்டோம். அறிவர் கோயில் என்கிற சமணக் குடைவரையின் கூரையில் இருக்கும் தாமரைக் குளத்தை ஐந்து நிமிடம் பார்க்கவிட்டார்கள். மீனும் வாத்தும் யானையும் தாமரை பறிக்கிறவர்களுமாக இருக்கும் அந்த ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியத்துக்கு ஐந்து நிமிடம்! மலையேறி மறுபக்கம் போனால்தான் ஏழடிப்பட்டம். பதினேழு சமணப் படுக்கைகளும், கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய தமிழ்-பிராமிக் கல்வெட்டும் அங்கேதான் இருக்கின்றன. “வெயில் ஏறிடும்” என்று சொல்லி அதை வெட்டிவிட்டார்கள். குடுமியான்மலையில் பாறை முழுக்கக் கிரந்த எழுத்தில் ஸ்வரங்களைப் பொறித்திருக்கிறார்கள். இந்தியாவிலேயே பழைய இசைக் கல்வெட்டுகளில் ஒன்று. பையன் அதைக் காட்டி, இது ராஜா புதையல் வைத்த இடத்துக்கான ரகசியக் குறிப்பு என்றான். முதலாளி அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாராம்.

அடர்ந்த காடு என்றார்களே, அது தைலமரத் தோப்பு. இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், மாவட்டத்தில் பல இடங்களில் வரிசை வரிசையாக நட்டு, வெட்டி, காகித ஆலைக்கு அனுப்புகிற மரம். விளம்பரத்தில் போட்டிருந்த படமோ ஓங்கி வளர்ந்த ஏதோ ஒரு தேக்குக் காடு. தோப்பு வாசலில் நிறுத்தி, “வனத்துறை அனுமதி, தலைக்கு 200” என்று வசூல். சோதனைச் சாவடி இல்லை, காக்கிச் சட்டை ஒன்றையும் காணோம். ரசீது கேட்டதற்கு, “குரூப் பாஸ், முதலாளிகிட்ட இருக்கு” என்று பதில். வனத்துறை எங்கே கட்டணம் வாங்கினாலும் ரசீது தரும். தராத கட்டணம் வனத்துறைக்குப் போகாது.

தோப்பைத் தாண்டி ஒரு மைல் போவதற்குள் என் பின் டயரில் சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. அந்தப் பக்கம் அது சகஜம். மாற்று டியூப் இல்லை, பஞ்சர் ஒட்டும் சாமான் இல்லை, வேன்காரர் போன் ஸ்விட்ச் ஆஃப். தள்ளிக்கொண்டே அடுத்த ஊர் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் டியூபை வெளியே இழுத்து விரித்துக் காட்டினார். ஒட்டின் மேல் ஒட்டு, அதன் ஓரத்தில் இன்னொரு ஒட்டு. “இதுக்கு மேல ஒட்ட ரப்பர் எங்க இருக்கு தம்பி? முழுக்க ஒட்டுதான் இருக்கு” என்றார். புது டியூப் போட்டு, கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றி, ஆடிக்கொண்டிருந்த கேரியரைச் செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். மொத்தம் 320 ரூபாய், என் காசு. போன தடவை இதே ஆட்களுக்கு நாலு சைக்கிள் சரிசெய்து கொடுத்த கூலி இன்னும் வரவில்லை என்று அவரும் ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தார்.

கிராமத்து வீடு என்றது கல்யாண மண்டபத்து மாடி. பாய், ஒரு மின்விசிறி, நிறையக் கொசு. அதை விடுங்கள்.

மறுநாள் காலையில் சைக்கிள்களையெல்லாம் துடைத்து, காற்றடித்து, வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அட, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு அவரவர் நம்பர் ஒட்டிய வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். என்னுடையது 4.

நார்த்தாமலையில் நாங்கள் முக்கியமாகப் பார்க்க வந்தது விஜயாலய சோழீச்சுரம். மேலமலைப் பாறைச் சரிவில், வட்டமான கருவறையோடு நிற்கும் முத்தரையர் காலத்துக் கற்கோயில், எதிரே பன்னிரண்டு திருமால் உருவங்களை ஆளுயரத்துக்குச் செதுக்கிய குடைவரை. அடிவாரத்திலேயே பையன், “தொல்லியல் துறை வேலை நடக்குது, மூடிட்டாங்க” என்றான். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டோம். “யாரு சொன்னா? இப்பத்தான ஒரு கார்ல வந்தவுக பாத்துட்டுப் போனாக” என்றார். பிடிவாதமாக ஏறிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினோம். அதற்குத் தண்டனையாகத் திருமயம் ரத்து, நேரமாகிவிட்டதாம்.

இனிதான் விஷயம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது நடத்துகிறவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் 4-ஆம் நம்பர் வண்டியின் கீழ்க் குழாயில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நசுங்கல். “முதல் நாள் போட்டோ எடுத்தீங்கள்ல, காட்டுங்க” என்று அவரே கேட்டார். காட்டினேன். என் போட்டோவில் 4-ஆம் நம்பர் வண்டி பளிச்சென்று இருக்கிறது, நசுங்கல் இல்லை. “பாத்தீங்களா சார், நீங்களே எடுத்ததுதான்” என்றார். டெபாசிட் போச்சு. எனக்கு அடுத்து இன்னும் மூன்று பேருக்கும் இதே கதை, இதே வசனம்.

அப்போதுதான் என் மைத்துனன் சத்தம் போட்டான். 9-ஆம் நம்பர் வண்டியின் கேரியரில் செம்புக் கம்பி! முந்தின நாள் கடைக்காரர் எனக்குக் கட்டிக் கொடுத்த கம்பி. ராத்திரி ஸ்டிக்கரை உரித்து மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். நல்ல வண்டியின் நம்பர், ஏற்கெனவே அடிபட்ட வண்டிக்கு வந்துவிட்டது. நாம் எடுத்த போட்டோவே நமக்கு எதிரான சாட்சி. யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

எங்களோடு வந்திருந்த சென்னை அக்கா ஒருவருக்கு மட்டும் முழு டெபாசிட்டும் திரும்பக் கிடைத்தது. அவர் சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேமில் அடித்திருக்கும் நம்பரைப் படம் எடுத்து வைத்திருந்தார். முன்பு ஒரு தடவை சைக்கிள் திருடு போய், போலீஸ் ஸ்டேஷனில் அந்த நம்பரைக் கேட்டதிலிருந்து வந்த பழக்கமாம். ஸ்டிக்கரை மாற்றலாம், இரும்பில் அடித்த எண்ணை ஒரு ராத்திரியில் மாற்ற முடியாது. அவர் போனை நீட்டியதும் மறுபேச்சில்லாமல் பணத்தை எண்ணி வைத்தார்கள். கம்பியைக் காட்டி நான் போட்ட சண்டைக்கு, “அது எங்க கம்பி” என்ற பதில்தான் கிடைத்தது.

எனவே எங்கே சைக்கிள் வாடகைக்கு எடுத்தாலும் ஃபிரேமில் அடித்திருக்கும் நம்பரைப் படம் எடுங்கள். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பு டெபாசிட் கொடுக்காதீர்கள். வேன் வரும் என்றால் ஓட்டுநர் எண்ணை வாங்கி அங்கேயே அடித்துப் பாருங்கள். பணம் போகும் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லையென்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. சொந்த சைக்கிள் இருப்பவர்களுக்கு இந்த ஆட்களே தேவையில்லை. ரயிலில் லக்கேஜாகப் போட்டுக் கொண்டுவந்தால் புதுக்கோட்டையிலிருந்து எல்லா இடத்துக்கும் தாராளமாக மிதிக்கலாம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வெயிலும் தாங்கும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஜிபே விவரம், வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரப் படம் எதையும் அழித்துவிடாதீர்கள்.

1915-இல் பதிந்த சில நாளில் நடத்துகிறவரே போன் செய்தார். கூகுளில் அவர்களைப் பற்றி நான் எழுதிய விமர்சனத்தை எடுத்துவிட்டால் பாதி டெபாசிட் தருகிறாராம். நாலு பேருக்கும் முழுத்தொகையும் வரட்டும், அப்புறம் ‘பணம் திரும்ப வந்தது’ என்று அதன் கீழே ஒரு வரி சேர்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை சேர்க்கவில்லை.