‘நோ பிளேஸ்மென்ட், நோ ஃபீஸ்’ என்றார்கள்: 21,240 ரூபாய் போன கதை

பி.காம் முடித்துவிட்டு, மார்க் குறைவாக இருக்கிறதே, நமக்கெல்லாம் யார் அக்கவுண்ட்ஸ் வேலை கொடுப்பார்கள் என்று பயந்துகொண்டிருப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள், அப்புறம் எந்த மாடிப்படி வேண்டுமானாலும் ஏறுங்கள். மாடிப்படி என்று சும்மா சொல்லவில்லை. கோவை காந்திபுரத்தில் நான் பார்த்த, கோர்ஸோடு வேலையும் தருவதாகச் சொல்லும் இன்ஸ்டிட்யூட்கள் எல்லாமே இரண்டாவது மாடியில்தான் இருந்தன, கீழே ஒரு செல்போன் கடையோ பேக்கரியோ இருக்கும், படியில் பாதி தூரத்துக்கு ‘100% வேலை உத்தரவாதம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நான் ஏறியதும் அப்படி ஒரு படிதான். பெயர் எழுதவில்லை, புகார் இன்னும் முடியவில்லை.

என் நிலவரம் இதுதான்: 53 சதவீதம். மூன்று அரியர், அதில் காஸ்ட் அக்கவுண்டிங் இரண்டு முறை போய் மூன்றாவது முறை தட்டுத்தடுமாறிப் பாஸ். காலேஜுக்கு வந்த கம்பெனிகள் எல்லாம் 60க்கு மேல், அரியர் இருக்கக் கூடாது என்று சொன்னதால் அந்த ஹால் பக்கமே நான் போகவில்லை. 2023 மே மாதம் ஒருவழியாகப் ப்ரொவிஷனல் சர்டிபிகேட் கைக்கு வந்தது. அப்பா சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறார், வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

கவுன்சலிங் என்று உட்காரவைத்த ஆள் என் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதை எடுத்துட்டு நீங்க நேரா ஒரு கம்பெனிக்குப் போனா வாட்ச்மேனே உள்ள விடமாட்டார்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. இப்போது யோசித்தால் அந்த ஒரு வரிதான் அவர்களின் மொத்த வியாபாரமும். 80 சதவீதம் வாங்கியவனிடம் அது செல்லாது, நம்மைப் போன்றவர்களிடம்தான் செல்லும், அதனால்தான் முதலில் மார்க் ஷீட்டைக் கேட்கிறார்கள்.

45 நாள் கோர்ஸ். டாலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்), ஜிஎஸ்டி, எக்செல், அப்புறம் வேலை. ஃபீஸ் 18,000, அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் 3,240, மொத்தம் 21,240. நோ பிளேஸ்மென்ட், நோ ஃபீஸ் என்றால் எதற்கு முதலிலேயே கட்ட வேண்டும் என்று கேட்டேன், வேலை கிடைக்காவிட்டால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். வாயால் சொன்னதுதான். கையெழுத்துப் போட்ட படிவத்தில் இருந்த வார்த்தை ‘பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’. உத்தரவாதம் வேறு, உதவி வேறு என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது. அம்மா சீட்டு எடுத்த பணத்தில் கட்டினோம். ஒரிஜினல் பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் டிகிரி மார்க் ஷீட்டையும் ‘வெரிஃபிகேஷனுக்கு’ என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். எந்த வேலைக்கும், எந்தக் கோர்ஸுக்கும் ஒரிஜினலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. இதை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

வகுப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பத்து கம்ப்யூட்டர், அதில் ஏழு ஓடும். டாலி பிரைமில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்று மனப்பாடம். ஒரு நாள் 15ஆம் தேதி பில் ஒன்றைப் போடப் பார்த்தேன், ஏற்கவில்லை. கேட்டதற்கு, “1ஆம் தேதி போட்டுக்கோங்க, பிராக்டிஸ்தானே” என்றார் சொல்லிக்கொடுத்தவர். 45 நாளும் நாங்கள் வாங்கியது, விற்றது, சம்பளம் போட்டது எல்லாம் 1ஆம் தேதியும் 2ஆம் தேதியும்தான், 31 உள்ள மாதமாக இருந்தால் அன்றைக்கும் கொஞ்சம். விஷயம் என்னவென்றால் அது லைசென்ஸ் வாங்காத எஜுகேஷனல் மோடு. அந்த மோடில் அந்தத் தேதிகளுக்கு மட்டும்தான் என்ட்ரி போட முடியும். டாலியின் இணையதளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். அதற்குத்தான் 21,240.

கோர்ஸ் முடிந்ததும் மூன்று ‘இன்டர்வியூ’ அனுப்பினார்கள். முதலாவது கிரெடிட் கார்டு விற்கும் டெலிகாலிங். இரண்டாவது இன்சூரன்ஸ் ஏஜென்ட், அங்கே போனால் நான்தான் பரீட்சைக்குப் பணம் கட்டவேண்டும். மூன்றாவது லோன் வசூல், பைக் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். அக்கவுண்ட்ஸ் எங்கே என்று திரும்பி வந்து கேட்டால், “மூணு இடம் அனுப்பிட்டோம், நீங்கதான் செலக்ட் ஆகல. ஃபிரெஷர், அதுவும் 53. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ஒண்ணு இருந்தா உடனே முடிச்சிடலாம்” என்றார்கள். 6,000 ரூபாய். திருப்பூர் விலாசத்தில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் இரண்டு வருடம் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்டாக இருந்தேன் என்று சீல் போட்ட கடிதம்.

வாங்கினேன். தப்பு என்று தெரிந்தேதான் வாங்கினேன், இங்கே நல்லவன் வேஷம் போட விரும்பவில்லை. காலேஜ் படித்துக்கொண்டிருந்த இரண்டு வருடத்தில் நான் எப்படித் திருப்பூரில் வேலை செய்திருக்க முடியும் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அதை எடுத்துக்கொண்டு திருப்பூரில் ஒரு நூல் வியாபாரக் கம்பெனிக்குப் போனேன். அங்கே அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், மேசையில் பில் கட்டுகள், பக்கத்தில் ஒரு டம்ளர் மோர். 3பி (மாதாமாதம் போடும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) எந்தத் தேதிக்குள் போட வேண்டும் என்று கேட்டார், 20 என்றேன். ஜிஎஸ்டிஆர்-1 (விற்ற பில்களைக் காட்டும் ரிட்டர்ன்)? 11 என்றேன். தெம்பு வந்துவிட்டது. “சப்ளையர் பில் நம்ம கையில இருக்கு, 2பியில வரல. என்ன பண்ணுவீங்க?” என்றார். 2பி என்பது சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியல், எனக்கு அப்போது அது என்னவென்றே தெரியாது. ஏதோ உளறினேன். அவர் பதில் சொல்லாமல் என் எக்ஸ்பீரியன்ஸ் கடிதத்தை எடுத்து, பேனா முனையை லெட்டர்ஹெட்டில் இருந்த ஜிஎஸ்டி நம்பர் மேல் வைத்தார்.

“இது யாரோட நம்பர்னு தெரியுங்களா தம்பி?”

ஜிஎஸ்டி நம்பருக்கு 15 இடம். முதல் இரண்டு மாநிலத்துக்கு, தமிழ்நாடு என்றால் 33, அது சரியாகத்தான் இருந்தது. அடுத்த பத்து அந்த நிறுவனத்தின் பான் நம்பர். பானில் நான்காவது எழுத்து அது யாருடையது என்று சொல்லிவிடும்: கம்பெனி என்றால் சி, பார்ட்னர்ஷிப் என்றால் எஃப், தனி ஆள் என்றால் பி. அதாவது ஜிஎஸ்டி நம்பரில் ஆறாவது இடம். மேலே கொட்டை எழுத்தில் பிரைவேட் லிமிடெட், கீழே ஆறாவது இடத்தில் பி. ஏதோ ஒரு கடைக்காரரின் நம்பரைத் தூக்கி ஒட்டியிருக்கிறார்கள். அவர் ஜிஎஸ்டி தளத்தில் அந்த நம்பரைப் போட்டுக் காட்டினார், லாகின்கூடத் தேவையில்லை, ஈரோட்டில் யாரோ ஒருவர் பெயர் வந்தது. “ரெண்டு வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தவனுக்கு இது கண்ணுல படாம இருக்குமா” என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

(பெரிய கம்பெனியாக இருந்தால் இந்தப் பேனா வேலைகூட இல்லை. பிஎஃப் கணக்கின் யுஏஎன் கேட்பார்கள், எங்கே எத்தனை மாதம் வேலை பார்த்தாய் என்பது அதிலேயே இருக்கும். போலிக் கடிதத்தைக் கொடுத்தவன் மாட்ட மாட்டான், நீட்டியவன்தான் மாட்டுவான்.)

எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். ஃபீஸ் ரசீது இருக்கிறதா என்று கேட்டார், பர்ஸில் மடித்து வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தவர் முதல்முறையாகச் சிரித்தார். ஜிஎஸ்டி 3,240 என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள், ரசீதில் எங்கேயும் ஜிஎஸ்டி நம்பரே இல்லை. “பணத்தைத் திருப்பிக் கேட்காதீங்க. நம்பர் போட்ட டாக்ஸ் இன்வாய்ஸ் கொடுங்கன்னு கேளுங்க” என்றார். வேலை கொடுக்கவில்லை. மோர் கொடுத்தார்.

அடுத்த வாரம் தாய்மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு முன் இரண்டு முறை ஒரிஜினல் கேட்கப் போனபோது, “அட்வான்ஸ்டு மாட்யூல் பாக்கி 10,000 கட்டிட்டு எடுத்துக்கோங்க” என்று சொன்ன அதே ஆள்தான் இருந்தார், அப்படி ஒரு மாட்யூலை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மாமா எதுவும் பேசவில்லை, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார், அதுவே பாதி வேலை. அந்த அம்மா சொல்லிக்கொடுத்தபடியே நான் கேட்டேன்: 3,240 ஜிஎஸ்டி வாங்கியிருக்கிறீர்கள், நம்பர் போட்ட டாக்ஸ் இன்வாய்ஸ் வேண்டும். அந்த ஆள் உள்ளே போனார், ஓனர் வெளியே வந்தார். அதுவரை இல்லாத மரியாதை பேச்சில் வந்தது. பதிவே செய்யாமல் வரி என்று சொல்லி வசூலிப்பது சின்ன விஷயம் இல்லை என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரிஜினல் இரண்டும் அன்றைக்கே கைக்கு வந்தது. பணம் இரண்டு தவணையில் 12,000 ஜிபே செய்தார், அதற்கப்புறம் போன் எடுப்பதில்லை. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டருக்குக் கொடுத்த 6,000ஐக் கேட்க எனக்கே வாய் வரவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், அதில் ஒன்றும் நகரவில்லை என்றதும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ரசீது, படிவம், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். என்னிடம் இருந்த நல்ல ஆதாரம் படிக்கட்டு ஸ்டிக்கரின் போட்டோதான், அதுவும் முதல் நாள் அம்மாவுக்கு அனுப்ப எடுத்தது.

வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். திருப்பூரில் ஆடிட்டர் ஆபீஸ்களாக ஏறி இறங்கினேன், பதினொன்றோ பன்னிரண்டோ. முதலில் 17, 18 தேதிகளில் போய் எல்லா இடத்திலும் விரட்டப்பட்டேன், 3பி நேரத்தில் யாரும் தலை நிமிர மாட்டார்கள். 20 தாண்டிப் போனால் உட்காரச் சொல்கிறார்கள். ஓர் ஆபீஸில் மார்க் ஷீட்டைப் பார்க்கவே இல்லை, ஒரு மாத பேங்க் ஸ்டேட்மென்டையும் கேஷ் புக் பிரதியையும் கொடுத்து டேலி பண்ணு என்றார்கள். பேங்கில் 118 ரூபாய் எடுத்திருந்ததைக் கண்டுபிடித்தேன், 100 சார்ஜ், 18 ஜிஎஸ்டி, புக்கில் போடவில்லை. இன்னும் 900 இடித்தது. அரை மணி நேரம் முழித்த பிறகு அங்கிருந்த சீனியர் அண்ணன், “வித்தியாசம் 9ஆல வகுபடுதா பாரு, வகுபட்டா நம்பர் இடம் மாறியிருக்கும்” என்றார். 4,500ஐ 5,400 என்று எழுதியிருந்தது. மாதம் 9,000, நாளைக்கு வா என்றார்கள்.

9,000 குறைவுதான், முதல் ஆறு மாதம் பில் அடுக்கியதும் ஜெராக்ஸ் எடுத்ததும்தான் அதிகம், அதையும் மறைக்கவில்லை. ஆனால் 14ஆம் தேதி 2பி வந்ததும் ஒவ்வொரு பில்லாக உட்கார்ந்து ஒப்பிட்டதில் அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தது: 2பியில் வராத பில்லுக்கு இன்புட் (வாங்கியபோது கொடுத்த ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்கக் கூடாது, சப்ளையருக்குப் போன் போட்டு அவருடைய ஜிஎஸ்டிஆர்-1ல் ஏற்றச் சொல்ல வேண்டும், வந்த மாதம் எடுத்துக்கொள்ளலாம். இது எந்த மாடியிலும் சொல்லித்தரவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமுக்கும் போய்ப் பாருங்கள், காசு கிடையாது, நான் போனபோது மில் கம்பெனிகள் சில அக்கவுண்ட்ஸுக்கும் ஆள் கேட்டிருந்தன.

21,240ல் 12,000 வந்தது போக 9,240 பாக்கி. வீட்டு லேப்டாப்பில் டாலி இறக்கி, என் பெயரில் ஒரு கம்பெனி ஆரம்பித்து, வர வேண்டிய கடன்காரர் பட்டியலில் அந்த இன்ஸ்டிட்யூட்டை ஏற்றி வைத்திருக்கிறேன். எஜுகேஷனல் மோடுதான், அதனால் தேதி 1.