மெடெயினில் முதல் சில நாள்: எல் போப்லாதோவா, லவுரெலெஸா?

கொலம்பியாவின் மெடெயினுக்கு முதல் தடவை முதுகுப்பையோடு போகிறவர்களுக்கு எல்லோரும் கைகாட்டும் பேட்டை எல் போப்லாதோ. நானும் அங்கேதான் இறங்கினேன். மூன்று இரவு தங்கிவிட்டு, நான்காம் நாள் காலை லவுரெலெஸுக்கு மாறி, அங்கே எட்டு நாள் இருந்தேன். மறுபடி போனால் நேரே லவுரெலெஸ்தான்.

ஹாஸ்டல், காபிக் கடை, துணி துவைக்க இடம் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஸ்பானிஷ் தெரியாமல் சமாளிக்க போப்லாதோ சுலபம். என்னை மாற வைத்தது மேடு.

மெடெயின் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஒரு பள்ளத்தாக்குக்குள் இருக்கிற ஊர். மெட்ரோவின் 'ஏ' தடம் ஆற்றை ஒட்டி, பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிறது. போப்லாதோவின் விடுதிகளோ கிழக்குச் சரிவில். ஸ்டேஷனில் இறங்கி 10ஆம் தெரு வழியாக யேராஸ் பூங்காவுக்குப் போக ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் மேலே போகப் போக ஏற்றம். முதல் நாள் பையோடு ஏறியதில் மூச்சு வாங்கியது. பை இருப்பதால்தான் என்று நினைத்தேன். மறுநாள் பொத்தேரோ சதுக்கத்தின் 23 வெண்கலச் சிலைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன், அப்போதும் அதே கதைதான். ஒரு தடவை அறைக்குப் போய்விட்டால் மறுபடி கீழே இறங்க மனசு வரவில்லை. மேட்டுக்குப் பயந்தே நாள் மூன்று மணிக்கு முடிந்துபோனது. புது ஊரில் முதல் சில நாள் அப்படிப் போவது பெரிய இழப்பு.

லவுரெலெஸ் ஆற்றுக்கு மேற்கே, பெரும்பாலும் சமதரையில் இருக்கிறது. எஸ்தாதியோ ஸ்டேஷனிலிருந்து என் அறைக்கு இருபது நிமிட நடை. தூரம் பார்த்தால் போப்லாதோவைவிட அதிகம். ஆனாலும் மரநிழலில் நடந்த அந்த நடை ஒரு நாளும் பாரமாகத் தெரியவில்லை. காலையில் கிளம்புவேன், மதியம் வந்து குளிப்பேன், மழை விட்டதும் மறுபடி போவேன். மின்படிக்கட்டுகளுக்குப் பேர்போன மலைச்சரிவுப் பேட்டையான கொமுனா 13க்குப் போக சான் ஹவியேர் ஸ்டேஷன் அங்கிருந்து மூன்றே நிறுத்தம், வண்டி மாற வேண்டாம். அதனால் காலையில் ஒரு தடவை, விளக்கு போட்ட பிறகு ஒரு தடவை என்று ஒரே நாளில் இருமுறை போக முடிந்தது. போப்லாதோவில் இருந்தபோது அப்படி யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

ஒரு தொல்லை, லவுரெலெஸின் தெருக்கள் வட்ட வட்டமாக வளைகின்றன. 1940களில் ஓவியர் பெத்ரோ நெல் கோமெஸ் வகுத்த அமைப்பு அது. நேராகத்தான் போகிறோம் என்று நம்பி இரண்டு தடவை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். அப்புறம் ஒரு ரொட்டிக் கடையை அடையாளம் வைத்துக்கொண்டேன்.

போப்லாதோவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். பொத்தேரோ சதுக்கத்துக்கும், 2004இல் தொடங்கிய கேபிள் கார் கிளம்பும் அசெவேதோ ஸ்டேஷனுக்கும் அங்கிருந்து 'ஏ' தடத்திலேயே நேராகப் போகலாம். லவுரெலெஸ்காரர்கள் சான் அந்தோனியோவில் மாற வேண்டும், ஆபீஸ் நேரத்தில் அங்கே நெரிசல் அதிகம். சைவச் சாப்பாடும் போப்லாதோவில் சுலபமாகக் கிடைத்தது. லவுரெலெஸில் 'மெனு தெல் தியா' என்கிற அன்றைய மதியச் சாப்பாடு சூப், சோறு, பீன்ஸ், ஜூஸ் என்று வயிறு நிறையக் கிடைக்கும். ஆனால் பீன்ஸைப் பன்றி இறைச்சி போட்டு வேகவைப்பது அங்கே வழக்கம், கேட்டுவிட்டே சாப்பிடுங்கள்.

போப்லாதோவில் இரவெல்லாம் பாட்டுச் சத்தம். ஆனால் நான் இருந்தது வியாழன் முதல் சனி வரை, வார நாட்களை வைத்துச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. லவுரெலெஸிலும் கால்பந்து நாளில் 70ஆம் தெரு தூங்காது. ஊரின் இரண்டு அணிகளான நாசியோனாலின் பச்சை, மெடெயினின் சிவப்பு, இரண்டுக்கும் அங்கேயுள்ள ஒரே மைதானம்தான்.

பாதுகாப்பில் எது மேல் என்று பதினோரு நாளை வைத்து நான் சொல்லக் கூடாது, அதுவும் ஆணாக இருந்துகொண்டு. 'பப்பாளி கொடுக்காதே' என்பார்கள் அந்த ஊரில்: திருடனுக்கு வாய்ப்பைக் கையில் கொடுக்காதே என்று அர்த்தம். போனைத் தெருவில் வெளியே எடுக்காமல் இருந்தேன், எதுவும் ஆகவில்லை.

தனியாகப் போய், பேச ஆள் வேண்டும் என்றால் முதல் இரண்டு இரவு போப்லாதோ சரி. எனக்கும் நண்பர்கள் அங்கேதான் கிடைத்தார்கள். இரண்டு இரவுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள், யேராஸ் வரை ஏறாமல் கீழே போப்லாதோ பூங்காவை ஒட்டி அறை பாருங்கள். 1616இல் ஊர் தொடங்கிய இடமே அதுதான், ஏற்றமும் அதுவரை பொறுத்துக்கொள்ளலாம்.