ஸ்டிக்கர் பிசுக்கு: நீலகிரித் தைலம் முதல் கிரேப் ரப்பர் வரை

வேலூர் தோட்டப்பாளையத்தில், சி.எம்.சி. மருத்துவமனைக்கு நடக்கிற தூரத்தில், எங்கள் வீட்டு மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறோம். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்குப் பக்கம் என்று சிகிச்சைக்கு வருகிற குடும்பங்கள்தான் அதிகம். மாத்திரை நேரத்தை எழுதிய தாளை எல்லோரும் ஃப்ரிட்ஜ் கதவிலோ பீரோவிலோ செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். அதைக் குறை சொல்ல மனசு வராது. அவர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு பிசுக்கை எடுக்கிற வேலை என்னுடையது. பல வருடமாக எடுத்து வருகிறேன்.

என் ஓட்டு நீலகிரித் தைலத்துக்குத்தான். மருந்துக்கடையில் சின்ன பாட்டிலாகக் கிடைக்கும். பஞ்சை நனைத்துப் பசைமேல் வைத்து ஐந்து, பத்து நிமிடம் விட்டால் இளகிவிடும். பிறகு காலாவதியான ஏ.டி.எம். கார்டால் தள்ளினால் சுருண்டு வந்துவிடும். பிளேடு, கம்பி நார் பக்கமே போக வேண்டாம். பசை போய்விடும், கீறல் நின்றுவிடும். கண்ணாடி, எவர்சில்வர், டைல்ஸ் எல்லாவற்றுக்கும் தைலம் நல்லது. பெயிண்ட் அடித்த சாமான் என்றால் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தட்டுகளில் ஊறவே விடக்கூடாது, பிளாஸ்டிக்கே இளகி மங்கிவிடும்.

தைலத்தில் ஒரே சங்கடம் அதன் வாசனை. கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சாதாரண சாம்பார் மணமே குமட்டும். அதனால் அறையில் ஆள் இருக்கும்போது தேங்காய் எண்ணெய்தான். மெதுவாகத்தான் வேலை செய்யும், அரை மணி நேரமாவது ஊற வேண்டும். மேலே இருக்கிற தாளை முதலில் உரித்தால்தான் எண்ணெய் பசைக்குள் இறங்கும். புது ஸ்டிக்கருக்குப் போதும். மஞ்சளாகி இறுகிப்போன பழைய செல்லோடேப்புக்கு இது பத்தாது. எண்ணெயோடு ஆப்ப சோடாவைக் குழைத்துத் தேய்க்கச் சொல்வார்கள். எவர்சில்வருக்குச் சரி, பளபளக்கும் பிளாஸ்டிக்கில் தேய்த்தால் மினுமினுப்புப் போய்விடும். எதைப் போட்டாலும் கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பசை மிஞ்சினால் அந்த இடத்தில் தூசு அப்பிக்கொள்ளும்.

புதுப் பாத்திர ஸ்டிக்கருக்கு இந்த ஊரில் காசே செலவில்லை. கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் வைத்துவிட்டு மத்தியானம் உரித்தால் முழுசாக வரும். மற்ற மாதங்களில் கொதிக்கிற தண்ணீரை உள்ளே ஊற்றிச் சற்று நேரம் வைத்தால் போதும். அடுப்புத் தீயில் நேரடியாகக் காட்டுகிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. கொஞ்சம் அதிகமாகக் காட்டினால் எவர்சில்வரில் மஞ்சளும் நீலமுமாக நிறம் ஏறிவிடும், அது சோப்புக்குப் போகாது.

நெயில் பாலிஷ் ரிமூவரைக் கண்ணாடிக்கும் வெறும் எவர்சில்வருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டோன் உள்ளது பிளாஸ்டிக்கையும் பெயிண்டையும் கரைக்கும். ஸ்விட்ச் போர்டுக்கு மெயினை அணைத்துவிட்டு, மருந்துக்கடை ஸ்பிரிட்டைத் துணியில் லேசாக நனைத்துத் துடைத்தால் போதும்.

அதே ஸ்பிரிட்டை எங்கள் தேக்கு நிலைக்கதவில் யாரையும் தொட விடுவதில்லை. பாலிஷ் போட வந்த ஆசாரி சொல்லிவிட்டுப் போனார்: "ஸ்பிரிட் மட்டும் வேணாம்மா, அரக்கே அதுலதான் கரைச்சுப் போட்டிருக்கேன்." கதவுக்கு நான் வைத்திருப்பது கிரேப் ரப்பர். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் எங்கள் உறவுக்காரப் பையன் கொடுத்தது. ஷூ தோலில் வழிந்து காய்ந்த சொல்யூஷன் பசையை அங்கே இதைக் கொண்டுதான் தேய்த்து எடுக்கிறார்கள். பார்க்க அழுக்கு மஞ்சள் கட்டி, ஆனால் பென்சில் எழுத்தை ரப்பர் அழிப்பது போலப் பசையைத் திரட்டி எடுத்துவிடும். ஈரம் இல்லை, வாசனை இல்லை. ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, பெரிய பசையைக் கார்டால் தள்ளிவிட்டு, ஆறிய பிறகு மீதியை இதால் தேய்த்தால் பாலிஷுக்கு ஒன்றும் ஆவதில்லை. கை வலிக்கும், அது மட்டும் உண்மை.

டிஸ்டெம்பர் அடித்த சுவருக்கு மட்டும் இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை. எண்ணெய் பட்டால் கறை, தண்ணீர் பட்டால் பூச்சு கரையும். ஃபோம் டேப் ஹூக் என்றால், பின்னால் தையல் நூலை விட்டு ரம்பம் மாதிரி இழுத்து அறுத்தால் ஹூக் வந்துவிடும். சுவரில் நிற்கும் மீதியை எடுக்கப்போனால் சுண்ணாம்போடு பெயர்ந்து வரும். இப்போது ஒவ்வொரு அறையிலும் ஆணி அடித்து ஒரு கிளிப் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறேன். மாத்திரைத் தாள் அதில் போய்விடுகிறது, ஃப்ரிட்ஜ் கதவுக்கும் வேலை குறைந்தது. பிள்ளைகள் ஒட்டுகிற கார்ட்டூன் ஸ்டிக்கருக்குத்தான் தைலம் இன்னும் செலவாகிறது.