18 பொருள் அடங்கிய 'சர்வைவல் கிட்': எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடுத்துவிடலாம்

எங்கள் பள்ளிச் சாரணியர் பிள்ளைகளின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் சுற்றிக்கொண்டிருக்கிறது. '18 இன் 1 சர்வைவல் கிட்', விலை 1,149 ரூபாய். காட்டில் தொலைந்துபோனால் இது இருந்தால் போதும் என்று படத்திலேயே எழுதியிருக்கிறார்கள். "மிஸ், மலையேற்றத்துக்கு இதை வாங்கிக் கொடுத்துடவா?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டதால், நானே ஒன்றை வரவழைத்து, பெரம்பூரில் எங்கள் பள்ளி மைதானத்திலும் வீட்டு மொட்டைமாடியிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் வைத்துச் சோதித்தேன். பிராண்டு பெயரை எழுதவில்லை. அதே பெட்டி, அதே உறை, பல பெயர்களில் விற்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்கு இதை வாங்காதீர்கள். பெட்டிக்குள் இரண்டு நல்ல பொருள்கள் இருக்கின்றன. அவற்றைத் தனியாக வாங்கினால் செலவும் குறைவு, தரமும் அதிகம். மற்றதெல்லாம் காட்டிலேயே குடில் போட்டு, வேட்டையாடி, மீன் பிடித்து வாழ நினைக்கும் ஒருவருக்காகச் சேர்த்தவை. வழி தவறிய பிள்ளைக்கு வேண்டியது வேறு. தேடி வருகிறவர்கள் கண்டுபிடிக்கும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும்; அவர்கள் கண்டுபிடிக்கத் தானும் உதவ வேண்டும். இந்த இரண்டுக்கும் உதவுமா என்று கேட்டுத்தான் ஒவ்வொரு பொருளையும் பார்த்தேன்.

நாங்கள் பிள்ளைகளை அழைத்துப்போகும் இடங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். வடக்கே ஆந்திர எல்லை தாண்டி நாகலாபுரம், தடா. மேற்கே பூண்டி பக்கம் குடியம் குகை. கொஞ்சம் தள்ளி ஏலகிரி, ஜவ்வாது மலை. பெரும்பாலும் முள்ளும் புதரும் பாறையுமான வறண்ட காடு. இங்கே நான் பயப்படுவது வெயில், தாகம், இருட்டில் பாறையில் கால் வழுக்குவது, மேலே மலையில் நனைந்துபோய்க் குளிரில் நடுங்குவது. புலியும் சிறுத்தையும் அந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும்.

பெட்டியில் வெட்டுகிற பொருள் மட்டும் ஐந்து. மடக்குக் கத்தி, கம்பி ரம்பம், ஏடிஎம் கார்டு அளவில் ஒரு தகடு, கூர்முனைப் பேனா, இன்னொரு குட்டிக் கத்தி. கம்பி ரம்பத்தை முருங்கைக் கிளையில் இழுத்துப் பார்த்தேன். பாதியிலேயே வளையம் கழன்று கையோடு வந்துவிட்டது. முருங்கைக்கே இந்தக் கதி என்றால் காட்டு மரத்தைக் கேட்கவே வேண்டாம். தவிர, காப்புக்காட்டில் மரம் வெட்டுவதே குற்றம். ஐந்தையும் எடுத்துவிடுங்கள்.

நெருப்பு மூட்டும் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நன்றாகவே வேலை செய்கிறது. உரசினால் பொறி கொட்டுகிறது, தேங்காய் நாரில் உடனே பிடிக்கிறது. எனக்கு அதுதான் பயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. மாசி, பங்குனியில் காய்ந்து கிடக்கும் போதைப்புல் என்னும் மலைப்புல் எவ்வளவு வேகத்தில் எரியும் என்பதை அந்த மலையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் வழி தவறியதும் தீ மூட்டச் சொல்கிறார்கள். பனிக்காட்டில் அது சரி. நம் வறண்ட காட்டில் தீ வைப்பவர் தன்னையும் தன்னைத் தேடி வருகிறவர்களையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளுகிறார். எங்கள் சாரணியர் படையில் இந்தக் கம்பிக்கு அனுமதி இல்லை.

திசைகாட்டி, சட்டைப் பொத்தான் அளவு. முள் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, தட்டினால்தான் நகர்கிறது. நல்ல திசைகாட்டியே இருந்தாலும், கையில் வரைபடம் இல்லாமல், நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், வடக்கு எது என்று தெரிந்து என்ன செய்வது? ஆனால் 'நான் நேராக நடந்து வெளியே வந்துவிடுவேன்' என்று நம்புகிறவர்களுக்காக ஒரு ஆய்வைச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஒரு காட்டிலும் துனிசியாவின் பாலைவனத்திலும் ஆட்களை நேராக நடக்கச் சொல்லி, அவர்கள் போன தடத்தை ஜிபிஎஸ் மூலம் பதிவு செய்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. சூரியன் தெரிந்தபோது நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகப் போனார்கள். காட்டில் மேகம் மூடிய நாளில் நடந்தவர்களோ வட்டமடித்தார்கள். தாங்கள் வந்த தடத்தையே குறுக்கே கடந்தும் அவர்களுக்கு அது தெரியவில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மைதானத்தில் கண்ணைக் கட்டிவிட்டு எதிர்க் கோல்போஸ்ட்டுக்கு நடக்கச் சொல்வேன். கட்டை அவிழ்க்கும்போது எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அவர்களே பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

திசைகாட்டிக்குப் பதிலாகக் கையில் இருக்கும் போனையே நம்பலாம். டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், போகும் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே டவுன்லோடு செய்திருந்தால். காட்டுக்குள் நுழைந்ததும் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் சார்ஜ் நிற்கும். சிக்னலைத் தேடித் தேடியே போன் செத்துப்போவதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். அவசரத்துக்கு 112. உங்கள் சிம்முக்கு டவர் இல்லாத இடத்திலும் வேறு கம்பெனி டவர் இருந்தால் அந்த அழைப்பு போக வாய்ப்பு உண்டு, அதனால் திரையில் சிக்னல் கோடு இல்லை என்று பார்த்துவிட்டு முயற்சி செய்யாமல் விடாதீர்கள்.

இனி விசில். என்னைக் கேட்டால் 18இல் முதலிடம் இதற்குத்தான். ஆனால் பெட்டியில் வந்திருக்கும் விசில் மோசம். உள்ளே சின்ன உருண்டை உருளும் பழைய மாதிரி, லேசான பிளாஸ்டிக். எச்சில் பட்டாலே உருண்டை ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரில் முக்கி எடுத்து ஊதினால் வெறும் காற்றுதான். இந்தக் குறைக்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. கனடாவைச் சேர்ந்த கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட், ஆட்டத்தின் நடுவே தன் விசில் அடைத்துக்கொண்டதால் உருண்டையே இல்லாத ஒன்றைச் செய்ய வைத்தார். ஃபாக்ஸ் 40 என்ற பெயரில் 1987 முதல் விற்பனையில் இருக்கிறது. 115 டெசிபல். எங்கள் பிடி சார் வைத்திருப்பதும் அதுதான்.

இரண்டையும் காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஊதிப் பார்த்தோம். நான் நின்ற இடத்திலிருந்து பிடி சார் திருவான்மியூர் பக்கமாக நடந்துகொண்டே கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. கிட் விசில் சுமார் 200 மீட்டரிலேயே அலைச் சத்தத்தில் கரைந்துவிட்டது. மற்றது, அவர் கை தூக்குவதே எனக்குச் சரியாகத் தெரியாத தூரம் வரை கேட்டது. காட்டில் மரமும் மேடும் பள்ளமும் சத்தத்தை விழுங்கும், இவ்வளவு தூரம் போகாது. என்றாலும் மனிதக் குரலைவிடப் பல மடங்கு மேல். பயந்துபோன பிள்ளை கத்த ஆரம்பித்தால் சீக்கிரமே தொண்டை கட்டிவிடும், தாகமும் கூடும். விசிலுக்கு மூச்சு மட்டும் போதும்.

எப்படி ஊதுவது என்பதையும் பெட்டியில் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. மூன்று முறை நீளமாக ஊத வேண்டும், நிறுத்திக் காது கொடுக்க வேண்டும், பிறகு மறுபடி மூன்று. மூன்று என்பது உதவி கேட்கும் அடையாளம் என்று பல நாடுகளில் வழக்கம். காது கொடுப்பதுதான் பிள்ளைகளுக்கு வராது. பதில் விசில் வந்தாலும் இவர்கள் ஊதிக்கொண்டே இருப்பார்கள்.

விசில் பயன்பட வேண்டுமென்றால் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். 2023 மே 1 அன்று கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்து, பெரியவர்கள் இறந்து, நான்கு பிள்ளைகள் மட்டும் தப்பினார்கள். மூத்தவளுக்கு 13 வயது, கடைசி கைக்குழந்தை. 40 நாள் கழித்து உயிரோடு கிடைத்தார்கள். கிழங்கு மாவும் காட்டுப் பழங்களும் அவர்களைக் காப்பாற்றின. எந்தப் பழத்தைத் தின்னலாம் என்பது அவர்கள் வளர்ந்த பழங்குடி வாழ்க்கையில் கற்றது. அந்தத் தேடலில் ராணுவம் ஹெலிகாப்டரில் ஒலிபெருக்கி கட்டி அவர்களுடைய பாட்டியின் குரலை ஒலிபரப்பியது. பாட்டி சொன்னது, நகராமல் ஒரே இடத்தில் இருங்கள் என்று. பிள்ளைகள் நடந்துகொண்டே இருந்ததால் தேடியவர்கள் பக்கத்தில் வந்தும் தவறவிட்டார்கள். ஜவ்வாது மலையில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்த உள்ளூர்க்காரரும் இதையேதான் சொன்னார். "வழி தப்பிட்டா நடக்காதீங்கம்மா. உக்காந்துக்குங்க. நாங்க வந்துருவோம்."

இரண்டாவது நல்ல பொருள் பளபளப்பான ஃபாயில் போர்வை. 1960களில் நாசா விண்வெளிப் பயன்பாட்டுக்கு உருவாக்கிய மெல்லிய அலுமினியப் பூச்சுத் தாள்தான் இது. உடம்புச் சூட்டைத் திருப்பி அனுப்பும், காற்றையும் மழையையும் தடுக்கும். மார்கழி தூறலில் மொட்டைமாடியில் இதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே மழை படவில்லை, ஆனால் கீழே ஈரத் தரை சூட்டை உறிஞ்சுகிறது. உட்கார இலைச்சருகோ பையோ வேண்டும். முள்ளில் பட்டால் ஒரேயடியாகக் கிழிகிறது. ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், பல கடைகளில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வெயிலில் நிழல் கட்டவும் உதவும். பளபளப்பு தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

டார்ச் மங்கல். பட்டன் செல், அரை மணி நேரத்தில் மினுக்க ஆரம்பித்தது. நெற்றியில் கட்டும் ஹெட்லாம்ப் வாங்குங்கள், கை இரண்டும் பாறையைப் பிடிக்கக் கிடைக்கும்.

பெட்டியில் தூண்டில் முள், நைலான் நூல் இருக்கின்றன. தண்ணீருக்கு ஒன்றுமே இல்லை! இதைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்தது. சாப்பாடு இல்லாமல் மனிதன் வாரக்கணக்கில் தாங்குவான். தண்ணீர் இல்லாமல் மூன்று நாள், நம் சித்திரை வெயிலில் அதுவும் கிடையாது. வறண்ட ஓடையில் மீன் பிடிக்க முள் தருகிறவர்கள் ஒரு பட்டை குளோரின் மாத்திரை வைத்திருக்கலாம். 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு அந்த மாத்திரை புதிதல்ல. ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, மாத்திரை போட்டு அரை மணி நேரம் விட்டுக் குடிக்கலாம். தலைக்கு இரண்டு லிட்டர் பாட்டில் எங்கள் படையில் கட்டாயம்.

ஓடையைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினால் ஊர் வரும் என்ற யோசனை பிரபலமானது. 1971 டிசம்பர் 24இல் பெரு நாட்டில் விமானம் உடைந்து விழுந்தபோது 17 வயது யூலியானே கோப்கே அப்படித்தான் 11ஆம் நாள் மனிதர்களை அடைந்தார். அங்கே தேடியவர்களுக்கு மரக்கூரைக்குக் கீழே எதுவும் தெரியவில்லை, நடப்பதைத் தவிர அவருக்கு வழி இல்லை. நாகலாபுரம் போன்ற இடங்களில் ஓடை போகும் வழியில் அருவியும் ஆழமான மடுவும் உண்டு. வழுக்குப் பாறையில் இறங்க முயல்வது அங்கே பெரிய ஆபத்து. யானைக் காட்டில் அந்தி நேரத்தில் தண்ணீரோரம் இருக்கவே கூடாது.

பெட்டியோடு வந்த துண்டுச்சீட்டில் பாம்பு கடித்தால் கீறி விஷத்தை உறிஞ்சச் சொல்லியிருக்கிறது. தயவுசெய்து அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. மோதிரம், வளையல், வாட்சைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். அதைத் தயாரிக்க விஷம் எடுத்துத் தருவது ஈசிஆரில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம், 1978இல் தொடங்கியது. பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப்போங்கள், எந்தப் பெட்டியையும்விட அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

சாட்டிலைட் மெசேஜ் கருவி வாங்கலாமா என்றும் இரண்டு பெற்றோர் கேட்டார்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருக்கவே கூடாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தாலும் சிக்கல்தான், விட்டுவிடுங்கள்.

இப்போது எங்கள் பிள்ளைகளிடம் இருப்பது ஒரு சின்ன ஜிப் பை. உருண்டையில்லாத விசில், ஹெட்லாம்ப், ஃபாயில் போர்வை இரண்டு, குளோரின் மாத்திரை, கடலை மிட்டாய், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட், வீட்டு போன் எண் எழுதிய அட்டை. ஹெட்லாம்ப் மட்டும்தான் விலை அதிகம். மற்றதைப் பாரிமுனையிலும் பக்கத்து மருந்துக்கடையிலும் வாங்கிவிட்டோம். அப்புறம், அனுமதி. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். மாலையில் தலையை எண்ணிப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்பதற்காகவே அந்தக் கட்டணத்தை நான் சந்தோஷமாகக் கட்டுவேன். அங்கே போகாதவர்களும் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

பெட்டிக்கு ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன், அதுவும் போர்வைக்காக. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் போர்வையை எடுத்துக்கொண்டு விசிலை மாற்றுங்கள். புது விசிலைப் பைக்குள் போட வேண்டாம், கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். பிள்ளைகள் ஓடையில் இறங்கும்போது பையைக் கரையில்தான் வைக்கிறார்கள்.